ஊட்டியில் ஏன் மூச்சு வாங்குகிறது?

மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட், பர்லியாறு தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து திரும்பத் திரும்ப உப்பிக்கொண்டே போகும். குன்னூர் வருவதற்குள் விரலால் அமுக்க முடியாத அளவுக்கு விறைத்து நிற்கும். காது அடைத்து, எச்சில் விழுங்கியதும் திறக்கும். ஊட்டியில் இறங்கியதும் குளிர் முகத்தில் அடிக்க, 'ஆகா, என்ன காற்று!' என்று நெஞ்சு நிறைய இழுத்துப் பார்க்காதவர்கள் குறைவு. ஆனால் கொஞ்ச நேரத்தில் தாவரவியல் பூங்காவின் அடுக்குகளில் ஏறி மேலே இருக்கும் தோடர் பழங்குடிக் குடியிருப்பான மந்து வரை போகலாம் என்று கிளம்பினால், பாதி வழியிலேயே கை இடுப்புக்குப் போய்விடுகிறது. ஊரில் மூன்று மாடியை நிற்காமல் ஏறுகிறவர் இங்கே நின்று நின்று ஏறுகிறார்.

அப்போது எழும் கேள்வி நியாயமானது. இத்தனை மரம், இத்தனை சுத்தமான காற்று இருக்கும் இடத்தில் ஆக்சிஜன் கொட்டிக் கிடக்க வேண்டாமா? இன்னொரு கேள்வியும் உண்டு. அதே சரிவில், தேயிலைத் தோட்டத்துப் பெண் ஒருவர் முதுகில் கொழுந்து மூட்டையோடு பக்கத்தில் வருபவரிடம் பேசிக்கொண்டே ஏறிப் போகிறார். அவருடைய நுரையீரல் நம்முடையதைவிடப் பெரியதா?

இரண்டுக்கும் விடை தேட, நுரையீரலுக்குள் எவ்வளவு காற்று இருக்கிறது, அதில் எவ்வளவு வெளியே வருகிறது, எவ்வளவு வராமலே இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

மரமும் ஆக்சிஜனும்

முதலில் மரத்தை விட்டுவிடலாம். காற்றில் ஆக்சிஜனின் பங்கு ஏறத்தாழ 21 சதவீதம். மெரினா கடற்கரையிலும் அதுதான், தொட்டபெட்டா உச்சியிலும் அதுதான். மரங்கள் பகலில் ஆக்சிஜனை வெளியிடுவது உண்மை. ஆனால் வளிமண்டலம் அத்தனை பெரியது, அத்தனை வேகமாகக் கலப்பது. ஒரு சோலைக்குள் நின்றால் ஆக்சிஜன் கூடிவிடுவதில்லை.

மலையில் மாறுவது காற்றின் அழுத்தம். நம் தலைக்கு மேலிருக்கும் காற்றின் எடைதான் அழுத்தம் என்பதால், உயரே போகப் போக மேலிருக்கும் காற்று குறைகிறது, அழுத்தமும் குறைகிறது. இரத்த அழுத்தத்தைச் சொல்லும் அதே பாதரச மில்லிமீட்டர் கணக்கில் சொன்னால், கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 760. மலை ரயில் புறப்படும் மேட்டுப்பாளையம் நிலையம் 326 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே அழுத்தம் சுமார் 730. குன்னூரில் 600-ஐ ஒட்டி வந்துவிடுகிறது. 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் சுமார் 580. 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டாவில் 550. சிப்ஸ் பாக்கெட்டுக்குள் மேட்டுப்பாளையத்துக் காற்று அப்படியே அடைபட்டிருக்க, வெளியே அமுக்கும் காற்று தளர்ந்துவிடுவதால்தான் அது உப்புகிறது. ஊட்டியில் தண்ணீர் 93 பாகைக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடுவதற்கும், திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக மறுப்பதற்கும் காரணம் அதுவே.

அழுத்தம் குறைந்தால் ஒரு லிட்டர் காற்றுக்குள் இருக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகளும் குறைகின்றன. லிட்டர் அதே லிட்டர்தான், அதற்குள் இருக்கும் சரக்கு குறைவு. 'குளிர்ந்த காற்று அடர்த்தியானதாயிற்றே, அது ஈடுகட்டாதா?' என்று கேட்கலாம். மூக்கு வரைக்கும் அது அடர்த்தியானதுதான். மூச்சுக்குழாயைத் தாண்டுவதற்குள் உடல் அதைத் தன் வெப்பத்துக்குச் சூடேற்றி, நீராவியால் நனைத்துவிடுகிறது. குளிரால் கிடைத்த லாபம் அங்கேயே தீர்ந்துவிடும். போதாக்குறைக்கு அந்த நீராவி தன் பங்குக்கு 47 மில்லிமீட்டர் அழுத்தத்தைப் பிடித்துக்கொள்கிறது. எந்த ஊரானாலும் அதே 47. ஆகவே ஊட்டியில் நுரையீரலை எட்டும் ஒரு லிட்டர் காற்றில், மேட்டுப்பாளையத்தில் கிடைப்பதைவிட 22 சதவீதம் ஆக்சிஜன் குறைவு.

ஐந்து லிட்டருக்குள் என்ன இருக்கிறது?

மேட்டுப்பாளையத்துக்காரர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 30, உயரம் 165 சென்டிமீட்டர், எடை 68 கிலோ, புகைப்பழக்கம் இல்லை. முடிந்த மட்டும் மூச்சை இழுத்து நிறுத்தினால் அவருடைய இரண்டு நுரையீரல்களிலும் சேர்த்து 5 லிட்டர் காற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாடநூல்களில் 6 லிட்டர் என்று படித்திருப்பீர்கள். அது பெரும்பாலும் உயரமான மேலைநாட்டு ஆணின் கணக்கு. நம் ஆளுக்கு 5 பொருத்தம்.

இவர் நாற்காலியில் உட்கார்ந்து நாளிதழ் படிக்கும்போது ஒரு மூச்சுக்கு அரை லிட்டர், அதாவது 500 மில்லிலிட்டர் காற்றுதான் உள்ளே போய் வெளியே வருகிறது. இதை இயல்மூச்சு என்போம். 5 லிட்டர் இடம் இருக்க, புழங்குவது அதில் பத்தில் ஒரு பங்கு.

இயல்மூச்சை இழுத்த பிறகும் நிறுத்தாமல் மேலும் இழுக்கச் சொன்னால், விலா விரிய இன்னும் 2.2 லிட்டர் போகும். இது உள்மூச்சுச் சேமிப்பு. ஓடும்போதும் மேடேறும்போதும், கொட்டாவி விடும்போதும் நாம் கை வைப்பது இதில்தான். அதேபோல் இயல்மூச்சை விட்ட பிறகும் வயிறு ஒட்ட ஊதச் சொன்னால் இன்னும் ஒரு லிட்டர் வெளியே வரும். இது வெளிமூச்சுச் சேமிப்பு. நீண்ட வாக்கியத்தை முடிக்கத் திணறும்போதும், பாட்டில் ஒரு வரியை இழுத்து நிறுத்தும்போதும் இதைத்தான் செலவழிக்கிறோம். நீலகிரியின் கோத்தர்கள் தங்கள் சடங்குகளில் ஊதும் நாயன வகைக் கருவியில் ஒலி அறுபடக் கூடாது. ஊதுபவர் சேமிப்பில் இருக்கும் காற்றை ஊதிக்கொண்டே, கன்னத்தில் கொஞ்சம் தேக்கி, அதைக் கருவிக்குள் அழுத்தும் அந்தக் கணத்தில் மூக்கால் புதுக் காற்றை இழுத்துவிடுகிறார். நுரையீரலின் எல்லைகளை எந்தப் பாடநூலும் படிக்காமல் உடம்பால் அறிந்துகொண்ட கலை அது.

இந்த மூன்றையும் கூட்டினால் 3.7 லிட்டர். நிரம்ப இழுத்து, முழுக்க ஊதினால் வெளியே எடுக்கக்கூடிய காற்று அவ்வளவுதான். இதற்கு உயிர்ப்புத் திறன் என்று பெயர்.

வெளியேறாத காற்று

மீதி 1.3 லிட்டர்? அது வெளியே வராது. எவ்வளவு ஊதினாலும், கண் பிதுங்க ஊதினாலும் வராது. இதை எஞ்சிய காற்று என்கிறார்கள்.

விலாக்கூடு ஓர் அளவுக்கு மேல் ஒடுங்காது. ஒடுங்க ஒடுங்கச் சிறிய மூச்சுக்குழாய்கள் மூடிக்கொண்டு, அவற்றுக்கு அப்பால் இருக்கும் காற்றைச் சிறைப்பிடித்துவிடுகின்றன. இது குறையில்லை, நமக்கு அமைந்த பாதுகாப்பு. நுரையீரலில் சுமார் 30 கோடி நுண்ணிய காற்றறைகள் இருக்கின்றன. அவற்றின் சுவர்களை விரித்துப் போட்டால் 70 சதுர மீட்டர் வரும். இந்த அறைகள் முழுக்கச் சுருங்கி ஒட்டிக்கொண்டால், ஈரச் சுவர்களைப் பிரித்து மறுபடி விரிக்கப் பெரும் விசை வேண்டும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் மூச்சுக்குத் திணறுவதற்கு இதுவே முக்கியக் காரணம். காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழுவழுப்பான படலம் அவர்களுக்கு இன்னும் போதிய அளவு சுரந்திருக்காது.

ஊதி வெளியேற்ற முடியாததை எப்படி அளந்தார்கள்? 1800-இல் இங்கிலாந்தின் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி இதற்கு ஒரு வழி கண்டார். தெரிந்த அளவு ஹைட்ரஜனைத் தானே சுவாசித்து, உள்ளே இருந்த காற்றோடு அது எவ்வளவு நீர்த்துப்போகிறது என்று பார்த்தார். நீர்த்த அளவை வைத்து உள்ளே இருந்த காற்றைக் கணக்கிட்டுவிடலாம். தீப்பற்றும் ஹைட்ரஜனுக்குப் பதிலாக இன்று ஹீலியம். தத்துவம் மாறவில்லை.

எஞ்சிய 1.3 லிட்டரோடு வெளிமூச்சுச் சேமிப்பு ஒரு லிட்டரும் சேர்ந்து, சாதாரணமாக மூச்சு விட்ட பிறகும் நமக்குள் 2.3 லிட்டர் காற்று எப்போதும் தங்கியிருக்கிறது. வீட்டு மாடித் தொட்டியில் பாதித் தண்ணீர் எப்போதும் நிற்க, மேலே ஒரு வாளி எடுத்து ஒரு வாளி ஊற்றுவதைப் போன்றது நம் மூச்சு. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கலப்பது உள்ளிருப்பதில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. அதனால்தான் மூச்சை இழுக்கும் நொடியிலும் விடும் நொடியிலும் இரத்தத்துக்குப் போகும் ஆக்சிஜன் ஏறி இறங்காமல் சீராக இருக்கிறது. பேசலாம், விழுங்கலாம், அரை நிமிடம் தண்ணீருக்குள் முங்கலாம். இருப்பு இருக்கிறது.

நம் ஆள் மேடேறுகிறார்

இப்போது அவரை மேட்டுப்பாளையத்தில் ஏதாவது ஒரு மேட்டில் நடக்கவிடுவோம். உட்கார்ந்திருக்கும்போது அவர் நிமிடத்துக்கு 12 முறை, முறைக்கு அரை லிட்டர் என 6 லிட்டர் காற்றைப் புழங்குகிறார். அதிலிருந்து உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் கால் லிட்டர். நல்ல மேட்டில் ஏறும்போது ஆக்சிஜன் தேவை ஆறு மடங்காகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை லிட்டர். காற்றும் ஆறு மடங்கு வேண்டும். நிமிடத்துக்கு 36 லிட்டர். இதை உடல் இரண்டு வழியிலும் ஈடுகட்டும். மூச்சின் ஆழத்தை அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டராக்கும், எண்ணிக்கையை 12-இலிருந்து 24 ஆக்கும். ஒன்றரையை 24-ஆல் பெருக்கினால் 36. கூடுதலான அந்த ஒரு லிட்டரின் பெரும்பகுதி உள்மூச்சுச் சேமிப்பிலிருந்தும், கொஞ்சம் வெளிமூச்சுச் சேமிப்பிலிருந்தும் வந்தது. உயிர்ப்புத் திறனான 3.7 லிட்டரில் பாதியைக்கூட அவர் இன்னும் தொடவில்லை. சிரமம் தெரியாது.

அவர் ஊட்டி வருகிறார். விடுதி அறையில் உட்கார்ந்திருக்கிறார். ஒன்றும் தெரியவில்லை. இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்ட கோவிட் காலத்தில் வீட்டுக்கு வீடு வந்த அந்த விரல் நுனிக் கருவியை மாட்டிப் பார்த்தால் மட்டும் ஊரில் 97, 98 காட்டியது இங்கே 94, 95 காட்டும். காற்றறைகளில் ஆக்சிஜன் அழுத்தம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சரிந்திருக்கிறது. இரத்தம் ஏற்றிச் செல்லும் ஆக்சிஜனோ மூன்று, நான்கு சதவீதம்தான் குறைந்திருக்கிறது. ஹீமோகுளோபினின் பெருந்தன்மை இது. அழுத்தம் ஓரளவு குறைந்தாலும் தன் சுமையை ஏறக்குறைய முழுசாகவே ஏற்றிக்கொள்ளும். ஊட்டியில் சும்மா இருப்பவருக்கு மூச்சு வாங்காததன் காரணம் இதுதான்.

பிறகு அவர் பூங்காவின் அடுக்குகளில் ஏறத் தொடங்குகிறார். உடல் எடை அதே, மேடு அதே, தேவையும் அதே ஒன்றரை லிட்டர் ஆக்சிஜன். ஆனால் ஒவ்வொரு லிட்டர் காற்றிலும் 22 சதவீதம் குறைவு. அதே ஆக்சிஜனைத் திரட்ட இப்போது 36 லிட்டர் போதாது, 46 லிட்டர் வேண்டும். நிமிடத்துக்கு 26 மூச்சு, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1.8 லிட்டர். அது அவருடைய உயிர்ப்புத் திறனில் பாதி.

பாதிதானே, இன்னும் பாதி இருக்கிறதே என்று தோன்றும். அந்த மீதிப் பாதி சுலபமாகக் கிடைப்பதில்லை. விரிய விரிய நுரையீரலும் விலாக்கூடும் விறைக்கின்றன. முதல் அரை லிட்டரை இழுக்கும் உழைப்பும் கடைசி அரை லிட்டரை இழுக்கும் உழைப்பும் ஒன்றல்ல. உயிர்ப்புத் திறனில் பாதியைத் தாண்டியதும் பெரும்பாலானவர்களின் உடல் மூச்சை மேலும் ஆழமாக்குவதை விட்டு, எண்ணிக்கையைக் கூட்டத் தொடங்குகிறது. அங்கேதான் கழுத்துத் தசைகள் எழும்பும், வாய் திறக்கும், பேச்சு துண்டு துண்டாகும். மூச்சு வாங்குகிறது என்று நாம் சொல்வது அந்த நிலையைத்தான். நுரையீரல் சுருங்கவில்லை. அதன் சேமிப்பில் வழக்கத்தைவிட முன்னதாகவே கை வைக்க வேண்டி வந்தது, அவ்வளவே.

மலைநோய் எனப்படும் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் இரவு தங்குவோருக்கு வருபவை. ஊட்டி அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிறது. தொட்டபெட்டா சற்று மேலே. ஆனால் அங்கே யாரும் தங்குவதில்லை, பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள்.

மேலோட்டமான மூச்சின் நஷ்டம்

மூச்சு வாங்கும்போது பலர் செய்யும் ஒன்று, நாய் இளைப்பதைப் போலச் சிறிது சிறிதாக வேகமாக மூச்சு விடுவது. இதன் நஷ்டத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

இழுக்கும் காற்றெல்லாம் காற்றறைகளை எட்டுவதில்லை. மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய்களை நிரப்பும் சுமார் 150 மில்லிலிட்டர் அங்கேயே நின்று, ஒரு வேலையும் செய்யாமல் திரும்பி வந்துவிடுகிறது. இதை வீண்காற்று என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு சிறிதாக மூச்சு விட்டாலும் இந்த 150-ஐக் கழித்துத்தான் ஆக வேண்டும். நிமிடத்துக்கு 6 லிட்டர் என்று வைத்துக்கொண்டு, அதை 500 மில்லிலிட்டராக 12 முறை இழுத்தால், காற்றறைக்குப் போவது 4.2 லிட்டர். 250 மில்லிலிட்டராக 24 முறை இழுத்தால் மொத்தம் அதே 6 லிட்டர்தான், காற்றறைக்குப் போவதோ 2.4 லிட்டர். ஒரு லிட்டராக 6 முறை இழுத்தால் 5.1 லிட்டர்.

மேட்டில் ஏறுகிறவருக்கு இதில் நேரடிப் பயன் இருக்கிறது. வேகத்தைக் குறைத்து, மூச்சை முழுக்க வெளியே விட்டுப் பிறகு ஆழமாக இழுக்க வேண்டும். இழுப்பதில்தான் எல்லோரும் கவனம் வைக்கிறார்கள். விடுவதில் வைத்தால் இழுப்பது தானாக நடக்கும்.

நீரில் மிதந்த பாத்திரம்

இந்த அளவுகளுக்கெல்லாம் அடித்தளம் போட்டவர் ஜான் ஹட்சின்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர். தண்ணீரில் ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்து, குழாய் வழியே ஊதினால் பாத்திரம் மேலே எழும்பும்படி ஒரு கருவி செய்தார். எழும்பிய உயரம்தான் ஊதிய காற்றின் அளவு. ஸ்பைரோமீட்டர் என்ற அந்தக் கருவியால் மாலுமிகள், காவலர்கள், தீயணைப்பு வீரர்கள், குத்துச்சண்டைக்காரர்கள் என்று 2,000-க்கும் அதிகமானவர்களை ஊதவைத்து 1846-இல் முடிவை வெளியிட்டார். உயிர்ப்புத் திறன் ஒருவரின் உயரத்தைப் பொறுத்து ஏறுகிறது, வயதைப் பொறுத்து இறங்குகிறது, காசநோய் வந்தால் சரிகிறது என்பது அவர் கண்டது. இன்றுவரை அந்த உண்மை நிற்கிறது.

நம் பக்கத்திலும் அளந்தார்கள். 1932-இல் கிருஷ்ணன், வரீத் என்ற இருவர் தென்னிந்திய மருத்துவ மாணவர்கள் 103 பேரின் உயிர்ப்புத் திறனை அளந்து பதிப்பித்தார்கள். 1990-இல் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தின் விஜயனும் அவருடைய சகாக்களும் சென்னையின் ஆரோக்கியமான இளைஞர்களை அளந்து 'தோராக்ஸ்' இதழில் எழுதினார்கள். ஒரே உயரமுள்ள மேலைநாட்டவரைவிட நம்மவர்களின் அளவு குறைவு என்பது இப்படிப்பட்ட ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்தது.

இந்தக் குறைவை என்ன செய்வது? பல பத்தாண்டுகளாக மருத்துவ உலகம் செய்தது, 'இந்த இனத்தவருக்கு இவ்வளவுதான்' என்று கருவிக்குள்ளேயே ஒரு கழிவு விகிதத்தை எழுதிவைத்தது. அண்மையில்தான் அந்தப் போக்கு மாறுகிறது. 2022-இல் இனம் பார்க்காத உலகப் பொதுக் கணக்கு வந்தது. அமெரிக்க மார்பு நோய் மருத்துவர் சங்கம் 2023-இல் அதையே பரிந்துரைத்தது. எனக்கு இது மிகத் தாமதமான திருத்தம் என்றே படுகிறது. உடற்கட்டில் சிறு வேறுபாடு இருக்கலாம், கால் நீளத்துக்கும் முண்டத்தின் நீளத்துக்கும் உள்ள விகிதம் மக்களுக்கு மக்கள் மாறுவதுண்டு. ஆனால் நுரையீரல் பிறந்த பிறகும் வளர்கிற உறுப்பு. குழந்தைப் பருவத்தில் காற்றறைகள் பெருகுகின்றன. இருபதுகளின் தொடக்கத்தில் அது உச்சத்தைத் தொடுகிறது. எடை குறைந்து பிறந்த குழந்தை, பசியோடு வளர்ந்த குழந்தை, அடுப்புப் புகையில் தவழ்ந்த குழந்தை, மார்ச்சளி திரும்பத் திரும்ப வந்த குழந்தை இவர்களுடைய நுரையீரல் எட்ட வேண்டிய உயரத்தை எட்டாமலே நின்றுவிடும். அந்தக் குறையை 'நம் இயல்பு' என்று எழுதிவைத்தால் யாரும் அதைச் சரிசெய்ய மாட்டார்கள்.

கொழுந்து பறிப்பவரின் நுரையீரல்

மூட்டையோடு ஏறிப் போனவரிடம் வருவோம். அவருடைய உயரம் 150 சென்டிமீட்டர், எடை 45 கிலோ என்று வைத்துக்கொண்டால், அவருடைய உயிர்ப்புத் திறன் சுமார் இரண்டரை லிட்டர்தான் இருக்கும். நம் ஆளைவிட ஒரு லிட்டருக்கு மேல் குறைவு. ஆக, பெரிய நுரையீரல் என்ற விடை தவறு.

பெருவின் ஆண்டிஸ் மலைகளில் 4,000 மீட்டர் உயரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு உயிர்ப்புத் திறன் கூடுதலாக இருப்பதை ரொபெர்ட்டோ ஃபிரிசாஞ்சோ போன்ற ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். சிறுவயதிலேயே மலைக்கு வந்தவர்களுக்கு அது வாய்க்கிறது, வளர்ந்த பிறகு வந்தவர்களுக்கு வாய்ப்பதில்லை. நீலகிரியின் உயரம் அதில் பாதி. மேலும், இங்கே தோட்டத்தில் உழைப்பவர்கள் பலர் தலைமுறை தலைமுறையாக இம்மலையில் வாழ்பவர்கள் அல்ல, 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிவந்த குடும்பத்தினர்.

அப்படியானால் அவருக்கு எப்படி முடிகிறது? முதலில், தேவையே குறைவு. மேட்டில் ஏறும்போது ஆக்சிஜன் செலவு தூக்கிச் செல்லும் மொத்த எடையைப் பொறுத்தது. 45 கிலோ உடலும் 20 கிலோ கொழுந்தும் சேர்ந்தாலும் 65 கிலோதான். நம் ஆள் வெறுங்கையோடு ஏறினாலே 68 கிலோவைத் தூக்குகிறார். இரண்டாவது, பல ஆண்டுகள் சரிவில் நடந்த கால் தசைகளுக்கு இரத்த நுண்குழாய்களும் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் ஆற்றலும் அதிகம். அதே வேலையைக் குறைந்த திணறலில் முடிக்கின்றன. இதயம் ஒரு துடிப்புக்கு அதிக இரத்தத்தைத் தள்ளுகிறது. மூன்றாவது, அவருடைய நடை. வேகமாக ஏறிப் போய் நிற்பதில்லை. ஒரே சீராக, மூச்சு அனுமதிக்கும் வேகத்தில் ஏறுகிறார். நம் ஆளுக்கு வேண்டிய பாடம் முழுக்க அந்த நடையில் இருக்கிறது.

தூசியும் புகையும்

நுரையீரல் இரண்டு விதமாகத் தன் திறனை இழக்கும். ஒன்று, அது விரிய மறுப்பது. காசநோய்த் தழும்பு, நுரையீரல் இறுக்கம் போன்றவற்றில் உயிர்ப்புத் திறனே சுருங்கிவிடும். மற்றது, காற்று வெளியேற வழி குறுகுவது. ஆஸ்துமாவிலும் நாள்பட்ட மூச்சடைப்பு நோயிலும் இதுதான் நடக்கிறது. ஆரோக்கியமானவர் நிரம்ப இழுத்து வேகமாக ஊதினால், உள்ளதில் முக்கால் பங்குக்கு மேல் முதல் நொடியிலேயே வெளியே வந்துவிடும். வழி குறுகியவருக்கு அது சிறுகச் சிறுக வரும். விடுவதற்குள் அடுத்த மூச்சை இழுக்க வேண்டி வருவதால் உள்ளே காற்று தேங்கும். நம் கணக்கில் 1.3 லிட்டராக இருந்த எஞ்சிய காற்று இரண்டு, இரண்டரை என்று ஏறிக்கொண்டே போகும். நெஞ்சுக்குள் காற்று நிறைந்திருக்கும், மூச்சுவிடத்தான் இடமிருக்காது. இப்படிப்பட்டவர் ஊட்டியின் மேட்டில் படும் பாட்டை, சேமிப்பு முழுதாக இருப்பவரால் ஊகிக்கவே முடியாது.

தேயிலைத் தொழிற்சாலையில் இலையைச் சலித்துப் பிரிக்கும் இடத்திலும், பெட்டியில் அடைக்கும் இடத்திலும் இலையின் நுண்ணிய மயிர்த்துகள் காற்றில் நிறைந்திருக்கும். இலங்கை மருத்துவர் சி. ஜி. உரகொட, தேயிலைத் தயாரிப்பாளர்களுக்கு வரும் ஆஸ்துமாவை 1970-இல் விவரித்து எழுதினார். 1980-இல் அங்கே தேயிலைத் தொழிலாளர்களின் மூச்சு நோய்களைப் பற்றி விரிவாகவும் வெளியிட்டார். நீலகிரித் தொழிற்சாலைகளிலும் அதே இலை, அதே சலிப்பு. தூசி உறிஞ்சும் அமைப்பும் முகக்கவசமும் அங்கே ஆடம்பரமல்ல, அடிப்படைத் தேவை. வீட்டுக்குப் போனால் விறகடுப்பு. மலைக்குளிருக்குக் கதவையும் ஜன்னலையும் அடைத்துவிட்டு எரிக்கும்போது புகை முழுக்க உள்ளேயே சுற்றுகிறது. பீடி பிடிக்காத பெண்களுக்கு மூச்சடைப்பு நோய் வருவதற்கு இந்தப் புகையே பெரிய காரணம்.

மூச்சு போதும், இரத்தம் போதவில்லை

நுரையீரல் முழுசாக இருந்தும் மூச்சு வாங்குவதுண்டு. காற்றறையை எட்டிய ஆக்சிஜனைத் தூக்கிச் செல்ல ஹீமோகுளோபின் வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. அழுத்தம் குறைந்த காற்றில், பாதி லாரிகளை ஓட்டி முழுச் சரக்கைக் கொண்டுசேர்க்கச் சொல்வதற்கு நாம் பெயர் வைத்திருப்பது 'அசதி'.

நீலகிரிக்கு இதில் இன்னொரு வரலாறும் உண்டு. 1952-இல் லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் இந்த மலைகளின் பழங்குடியினரிடம் அரிவாள் செல் என்ற மரபுவழி இரத்தப் பண்பு இருப்பதைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். இந்தியாவில் அதைப் பற்றிய முதல் பதிவுகளில் அது ஒன்று. அதே ஆண்டில் அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடையேயும் அது பதிவானது. இரண்டு பெற்றோரிடமிருந்தும் அந்தப் பண்பைப் பெற்றவர்களின் சிவப்பணுக்கள், ஆக்சிஜன் குறையும்போது அரிவாள் வடிவில் விறைத்து நுண்குழாய்களை அடைத்துக்கொள்ளும். கோத்தகிரியில் இயங்கும் நீலகிரி ஆதிவாசி நலச் சங்கம் இந்நோயாளிகளைக் கண்டறிந்து பேணும் பணியைச் செய்துவருகிறது.

மேட்டில் ஏறும்போது வாங்கும் மூச்சு, நின்று சில நிமிடங்களில் அடங்கினால் கவலைப்பட ஒன்றுமில்லை. இதய நோயோ மூச்சடைப்பு நோயோ உள்ளவர்கள் மலைப் பயணத்துக்கு முன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள், போன முதல் நாளில் மேடேறாதீர்கள். சமதளத்தில் நடக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, அதை வயதின் மீதோ மலையின் மீதோ போடாதீர்கள். ஸ்பைரோமீட்டரில் ஊதிப் பாருங்கள், சில நிமிட வேலை. கூடவே ஹீமோகுளோபினையும் பார்க்கச் சொல்லுங்கள். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் சளியைச் சோதிக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் அந்தச் சோதனைக்குக் கட்டணம் இல்லை.